எறும்பு மொய்த்த விரல்கள்

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறையைத் தாண்டியதும் சாலை ஏரிப்பக்கம் வளைகிறது. ஆதிநாராயணனின் மீன் வண்டி வளையவில்லை. நேரே போய்ப் பனைமரத்தில் மோதி நின்றிருந்தது. காலை ஏழரை மணி. பின்னால் கூடையில் இறால் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் கவிழ்ந்து கிடந்த மனிதருக்குத்தான் உயிர் இல்லை.

"தண்ணி கேஸ் மேடம்," என்றார் ஏட்டு ஜான். "ரோட்ட அளந்துக்கினு வந்தத நாலு பேர் பாத்திருக்காங்க."

எடுத்த எடுப்பிலேயே கேஸை முடித்து வைப்பவர்களைக் கண்டால் சப்-இன்ஸ்பெக்டர் கஸ்தூரிக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டிக்குள் குனிந்தாள். சாராய வாடை இல்லை. மார்கழிக் குளிரில் சட்டை பிழிந்தெடுக்கலாம் போல வியர்வையில் நனைந்திருந்தது. சாலையில் பிரேக் போட்ட தடமே கிடையாது. வலது கையின் விரல் நுனிகளில் மட்டும் சிற்றெறும்புகள் மொய்த்தன. சீட்டுக்கு அடியிலும் ஓர் எறும்பு வரிசை. ஆனால் அங்கே தின்ன ஒன்றுமே இல்லை.

அதற்குள் அவர் மனைவி இருசம்மாள் தோணிரேவு கிராமத்திலிருந்து தலைவிரி கோலமாக ஓடிவந்துவிட்டாள். கூட்டத்தில் யாரோ, "காலங்காத்தால குட்ச்சிட்டு..." என்றது அவள் காதில் விழுந்தது. கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரும்மா, இனிமே தொடமாட்டேன்னு. மூணு வருசமாச்சு. அவரு குடிச்சாரா இல்லியா? அத மட்டும் சொல்லிடுங்க. என்ன ஏமாத்திட்டா போயிட்டாரு?"

"கண்டுபிடிச்சு சொல்றேன். காலைல இன்னா சாப்பிட்டாரு?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு ஏரியில எங்க பாடு. மீன் புடிக்க எங்க மொறை வர்ற அன்னிக்கு, மொதக் கூடை ஏலம் போற வரிக்கும் எங்க வூட்ல யாரும் வாயில எதுவும் வெக்க மாட்டோம்."

"உடம்புக்கு ஏதாச்சும்?"

"சக்கரை. தெனம் ஊசி. அத ஒரு நாளும் தவறவிட்டதில்லம்மா. விடியக்காலம் நானே போட்டு அனுப்பினேன்."

பாவம், அந்த அழுகையிலும் அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

கல்லறைக்கு எதிரே அப்துல் ஷுக்கூரின் டீக்கடை. கஸ்தூரி நேரே அங்கே போனாள்.

"இங்க வந்தாரா?"

"வந்தாரு மேடம். எனக்கே ஆச்சரியம். பாடு நாள்ல கடைப்பக்கமே திரும்ப மாட்டாரு."

"எப்படி இருந்தாரு?"

"ஃபுல் போதை. நாக்கு கொழறுது, வேர்த்துக் கொட்டுது. என்னியே யார்ரா நீன்னு கேக்குறாரு. பழகின மனுசன், கண்டபடி திட்டுறாரு."

"வாடை?"

ஷுக்கூர் யோசித்தார். "வரல."

"டீ குடிச்சாரா?"

"எப்பவும் போல சக்கரை இல்லாம போட்டு வெச்சேன். தொடவே இல்ல."

கஸ்தூரியின் பார்வை மேசைமேல் வாய் திறந்திருந்த சர்க்கரை டப்பாவில் போய் நின்றது. "இதுல கை வெச்சாரா?"

ஷுக்கூரின் முகம் மலர்ந்தது. "கரெக்டா கேட்டீங்க! அள்ளி வாய்கிட்ட கொண்டு போயிட்டாரு. பட்டுனு தட்டிவுட்டேன். அவருக்கு இனிப்பக் கண்ணுல காட்டாதீங்கன்னு நம்ம இருசம்மாதான் கடை கடையா சொல்லி வெச்சிருக்குது. 'போண்ணே, வூட்டுக்குப் போய்ப் படு'ன்னு நாந்தான் வண்டில ஏத்தி அனுப்பினேன்."

கஸ்தூரி டப்பாவை இழுத்து மூடினாள். ஐயோ மனுஷா, என்ன காரியம் செய்துவிட்டு நிற்கிறாய்!

சில நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் மது துளியும் இல்லை. செத்த பிறகு சர்க்கரை அளவை நம்பிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். விரலில் ஒட்டியிருந்தது சாதாரணச் சர்க்கரை. கஸ்தூரி ஏட்டு ஜானையும் ஷுக்கூரையும் அழைத்துக்கொண்டு இருசம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"அவரு குடிக்கல," என்றாள் வாசலிலேயே.

இருசம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்போ எதனால?"

சொல்லாமல் திரும்பிவிடலாமா என்று கஸ்தூரிக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த வீட்டில் இன்னொருவருக்கும் சர்க்கரை வரலாம், ஊரில் எத்தனையோ பேர் ஊசி போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்கள். சொன்னாள்.

"ஊசியப் போட்டுட்டுப் பட்டினி கெடந்தா சக்கரை ஒரேயடியா எறங்கிடும். வேர்க்கும், நாக்கு கொழறும், ஆளே அடையாளம் தெரியாது. பாக்குறவங்களுக்குக் குடிச்ச மாதிரியே இருக்கும். அப்ப வண்டியத் தொடவே கூடாது. இனிப்பு தின்னுட்டு, முழுசா தெளியுற வரிக்கும் உக்காந்திருக்கணும். அவருக்கு அது தெரிஞ்சிருக்கு. அதனாலதான் விரதத்தையும் மீறி டீக்கடைக்கு வந்து சக்கரையில கை வெச்சாரு. அது விரல்ல ஒட்டுச்சு, வாய்க்குப் போகல."

ஷுக்கூர் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நான்தான் கொன்னுட்டேன் தங்கச்சி. தட்டிவுட்டது இந்தக் கைதான்."

"குடுக்காதீங்கன்னு சொன்னது யாரு பாய்?" என்றாள் இருசம்மாள்.

அவள் உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்தாள். திறந்தாள். உள்ளே கடலை மிட்டாய்கள். கஸ்தூரிக்கு அந்த எறும்பு வரிசை நினைவுக்கு வந்தது. அங்கே முன்பு என்ன இருந்தது என்று அவள் யாரிடமும் கேட்கவே இல்லை.

"சீட்டுக்கு அடியில வெச்சிருந்தாரு. திருட்டுத் தீனின்னு போன வாரம் சண்ட போட்டுப் புடுங்கிட்டேன். 'மயக்கம் வந்தா திங்கச் சொல்லி டாக்டரே வெச்சுக்கச் சொன்னாருடி, பொண்ணு மேல சத்தியம்'னு சொன்னாரும்மா." அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "குடிக்க மாட்டேன்னு பண்ண சத்தியத்த நம்பினேன். இத நம்பல."

ஏட்டு ஜான் தொப்பியைக் கழற்றினார். கஸ்தூரி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.