ஜன்னல் வரைக்கும் நடந்தார்

"அண்ணி! இது என்ன எழுதி வெச்சிருக்கீங்க?"

நாத்தனார் சமையலறை வாசலில் நின்றாள். முதல் பஸ்ஸில் வந்தவள். வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் சாப்பாட்டு மேசைமேல் இருந்த படிவம் அவள் கைக்குப் போய்விட்டது.

"'தனியாகக் கழிப்பறைக்குப் போக முடியாது. தினமும் மூன்று முறை துணி மாற்ற வேண்டும்...' எங்கப்பாவைப் பத்தியா இப்படி? முன்னபின்ன தெரியாதவங்க எல்லாம் படிக்கிற காகிதத்துலயா?"

"மெதுவா பேசும்மா... மாமா காதுல விழும்."

"விழட்டுமே! மருமக லட்சணம் அவருக்கும் தெரியட்டுமே!"

மருமகள் அடுப்பை அணைத்தாள். எதைச் சொல்வது? மாமனாருக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷம். இடது கையும் காலும் ஒத்துழைப்பதில்லை. அரசாங்கம் தினம் காலையில் ஓர் உதவியாளரை அனுப்பிக்கொண்டிருந்தது. டாண் என்று எட்டு மணிக்கு வருவதால் அவளுக்கு எட்டு மணி அக்கா என்றே பெயர். குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்டுப் பன்னிரண்டுக்குப் போவாள். அந்த நாலு மணி நேரத்தில்தான் மருமகள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வருவாள். கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

இந்த வருஷம் திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். வயதானவர்கள் எல்லோரையும் புதிதாகக் கேள்வி கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை நிலை பிரித்து, நிலைக்குத் தக்கபடி உதவி. பதிலைப் பெரியவர்தான் தன் வாயால் சொல்லவேண்டும், வீட்டார் குறுக்கே பேசக் கூடாது, சொல்ல இருப்பதைப் படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம். 'மூத்தோர் குரலுக்கு மரியாதை' என்று புத்தகத்தின் அட்டையிலேயே போட்டிருந்தது. நல்ல மனசோடுதான் போட்டிருப்பார்கள், பாவம். அன்று இந்த வீட்டின் முறை; எட்டு மணி அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், மருமகளும் வேலைக்கு லீவு போட்டிருந்தாள்.

"உள்ளதைத்தாம்மா எழுதினேன். நிலை குறைஞ்சு போச்சுன்னா அக்கா வரமாட்டாங்க. அப்புறம் நான்..."

"உங்க வேலை போயிடும், அதானே? இப்படி எழுதினா வீட்டுல வெச்சுப் பாக்க முடியாதுன்னு முதியோர் இல்லத்துல கொண்டுபோய்த் தள்ளிடுவாங்க. அதுக்குத்தானே இவ்வளவு அடுக்கி எழுதியிருக்கீங்க!"

"ஐயோ... அப்படியெல்லாம் நினைக்கவே இல்லம்மா!"

"நினைக்கிறவங்க சொல்லிட்டா நினைப்பாங்க?"

படிவம் நாலாக மடிந்து நாத்தனாரின் கைப்பைக்குள் போனது. அப்புறம் அவளே தகப்பனாருக்கு முகச்சவரம் செய்தாள். வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். "அப்பா, நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. இல்லேன்னா இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க" என்று காதில் ஓதினாள்.

பத்து மணிக்குக் கேள்வி கேட்கும் அதிகாரி வந்தாள். சின்ன வயசுப் பெண், கையில் ஒரு டேப்லட். "வணக்கம் ஐயா" என்று அழகாகத்தான் ஆரம்பித்தாள்.

"நீங்களே குளிச்சுக்குவீங்களா ஐயா?"

"பின்னே? பக்கத்து வீட்டுக்காரனா வந்து குளிக்கப் போறான்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மாமனாருக்குக் குஷி பிறந்துவிட்டது.

"சட்டை போடறது?"

"இதோ போட்டிருக்கேனே."

"பாத்ரூம் போறது...?"

அவர் மகளைப் பார்த்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதெல்லாம் ஒரு கேள்வியாம்மா? நானேதான் போறேன்."

"நடமாட்டம் எப்படி ஐயா?"

"முப்பத்தஞ்சு வருஷம் ஓடற பஸ்ல கம்பியைப் பிடிக்காம நின்னு டிக்கெட் கிழிச்ச கண்டக்டரைப் பாத்து நடப்பியான்னு கேக்கிறியே!"

சொல்லிவிட்டு எழுந்தே விட்டார்! நாற்காலி முதுகைப் பிடித்து, மேசை விளிம்பைப் பிடித்து, அலமாரியைப் பிடித்து... ஜன்னல் வரைக்கும் நடந்தார். ஆறே அடி. நாத்தனார் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதிகாரியின் விரல் திரையில் தட்டிக்கொண்டே போனது.

"வீட்டுல பாத்துக்கிறவங்க ஏதாவது சேர்க்கணுமா? குறிப்பா மட்டும் போட்டுக்கிறேன்."

மருமகள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தபடி நின்ற மாமனாரின் கால்சட்டையில், தொடையிலிருந்து குதிகால் வரைக்கும் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பவில்லை. திரும்ப முடியாமல் நின்றார்.

கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் ஒட்டி நின்றாள். துண்டை அவர் இடுப்பைச் சுற்றிப் போர்த்தினாள். தரையில் விழுந்த துளிகளைத் தன் பாதத்தால் மறைத்துக்கொண்டாள்.

"ஜன்னல் காத்து ஆகாது மாமா..." என்றாள். அப்புறம் திரும்பாமலே சொன்னாள். "சேர்க்க ஒண்ணும் இல்லைங்க."

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. நிலை ஒன்று. வாரத்துக்கு இரண்டு மணி நேரம், வீடு கூட்டித் துடைக்க மட்டும்.

"என்னை வேற பேட்டைக்கு மாத்திட்டாங்கம்மா" என்று எட்டு மணி அக்கா வாசலிலேயே நின்று அழுதாள். "நானும் சொன்னேன், அந்த வீட்டுல அவசியம் வேணும்னு. நீ எழுதறது இப்போ செல்லாதுன்னுட்டாங்க."

சலவைக்கூடத்தில் பதினைந்து நாள் பொறுத்தார்கள். ஒன்பது வருஷம் வேலை செய்த இடம். நீராவிக்கு நடுவே படுக்கை விரிப்பு மடித்தபடி சிரிக்க அங்கே நாலு பேர் இருந்தார்கள். அவள் சிரிப்பை இந்த உலகத்தில் கேட்டவர்கள் அந்த நாலு பேர்தான். பதினாறாம் நாள் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாள்.

கணவர் எங்கோ நெடுஞ்சாலையிலிருந்து போனில் கத்தினார். "அன்னிக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆச்சு! இப்ப அழுது என்ன பிரயோஜனம்?"

"நான் அழலைங்க" என்றாள். உண்மையிலேயே அழவில்லை. அழுவதற்கு உட்கார வேண்டுமே!

இரண்டு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் நாத்தனார் வந்தாள். கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகி, நாற்றமெடுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணி...? அண்ணி!"

குளியலறையிலிருந்து குரல் வந்தது. "இங்கதாம்மா... கொஞ்சம் வாயேன்."

ஈரத்தரையில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மாமனாரின் தலை. வழுக்கியவரைத் தாங்கப் போய், அவளும் விழுந்து, இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. அவரைத் தூக்கவும் முடியவில்லை, விட்டுவிட்டு எழவும் முடியவில்லை. ஒரு மணி நேரமாக அப்படியே.

"இது... இது எப்பத்துலேருந்து அண்ணி? அன்னிக்கு நல்லா நடந்தாரே!"

"சும்மா தூக்கும்மா முதல்ல... மாமாவுக்குக் குளிருது."

"நாலு வருஷமா இப்படித்தான்" என்றார் மாமனார், கூரையைப் பார்த்தபடி. "நீ வர்ற அன்னிக்கு எல்லாத்தையும் மறைச்சுடுவோம். ஜன்னல்கிட்ட நின்னேனே... நின்னபடியே நனைச்சுட்டேன். உன் அண்ணிதான் துண்டால மூடினா. உன் கண்ணுல படக் கூடாதுன்னு. என் மானம் நின்னுது... அவ பிழைப்பு போயிடுச்சு."

நாத்தனார் ஈரத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். "அண்ணி... என்னை ரெண்டு அறை விடுங்க அண்ணி! படிவத்தை எடுத்து ஒளிச்ச பாவி நான்!" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். மருமகளுக்கும் இத்தனை நாள் அடக்கியது உடைந்துவிட்டது. இரண்டு பேரும் அழுதார்கள். நடுவில் அந்த மனிதர் நனைந்து கிடந்தார்.

அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டதும் நாத்தனார் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"பெரியவர்கிட்டயே குடுங்க. அவர்தான் பேசணும்" என்றது அங்கிருந்து ஒரு குரல்.

மாமனார் பேசினார். குளிக்க முடியாதது, பட்டன் போட முடியாதது, கழிப்பறை, நனைகிற துணி... மகள் எதிரிலேயே, ஒன்றுவிடாமல். அவர் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது.

"எழுதிக்கிட்டேன் ஐயா. மதிப்பீடு வருஷம் ஒரு தடவைதான். நடுவுல நிலைமை மோசமாயிருந்தா மட்டும் முன்னாடி வருவாங்க. அன்னிக்கு இருந்ததைவிட இப்ப மோசமா ஐயா?"

"ஆமான்னு சொல்லுங்கப்பா... ஆமான்னு!" என்று நாத்தனார் வாயசைத்தாள்.

"இல்லம்மா" என்றார் அவர். "அன்னிக்கும் இப்படியேதான் இருந்தேன். அன்னிக்கு நான் சொன்னதுதான் பொய். என் மருமக எழுதினது அத்தனையும் நிஜம். அதை எழுதிக்கோ நீ."

அந்தப் பக்கம் சற்று நேரம் தட்டச்சுச் சத்தம்.

"அப்போ 'மாற்றம் இல்லை'ன்னு பதிவாகுது ஐயா. அடுத்த வருஷம் கூப்பிடுவாங்க. வணக்கம்."

நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டாள். சாயங்கால பஸ்ஸுக்கு அவள் போயாக வேண்டும். அங்கே அவளுக்கும் படுக்கையில் ஒரு மாமியார்.

போன் அணைந்ததன் அர்த்தம் மாமனாருக்குப் புரியவில்லை. குழந்தை மாதிரி முகத்தை நிமிர்த்தி மருமகளைத் தேடினார்.

"ஏம்மா... இந்தத் தடவை நான் சரியாத்தானே சொன்னேன்?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே குனிந்தாள்.

"சரியாத்தான் சொன்னீங்க மாமா" என்றாள். "கையைக் குடுங்க... சட்டை மாத்தலாம்."