மாவிலை அளவு பட்டு

படக், படக் என்று அறுந்தன பட்டு நூல்கள். அஞ்சுகவல்லியின் ஊசிமுனை நிற்கவில்லை. சாளரத்துக்கு வெளியே, அந்திச் செவ்வொளியை மேனியெல்லாம் பூசிக்கொண்டு, எதுவும் அறியாதவள் போல் கோட்டை மதிலைத் தழுவி ஓடிக்கொண்டிருந்தாள் காவிரி. அந்தி முரசு முழங்கியதும் கடம்பனின் தலை உருளும்!

"மறைந்த அரசி செங்கமலத்தேவியின் மகன் நான்" என்று அவளுடைய காதலன் சபையில் உரைத்ததுதான் குற்றம். "அரசி கருவுற்றதே இல்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டார் தளவாய் சிங்கப்பராயர். நாளை முடிசூடப் போகிறவர் அவரல்லவா?

வாசகர்களே, அவள் மடியில் கிடந்த அந்தப் பட்டு அங்கி நான்கு தலைமுறை அரசியர் அணிந்தது. புது அரசி வந்தால் பழைய தையலைப் பிரித்து இறுக்கிப் பிடிப்பார்கள், அல்லது தளர்த்தி விடுவார்கள். கத்தரி மட்டும் படலாகாது. தலைப்பிள்ளை பிறந்தால் மாத்திரம் உள்மடிப்பில் மாவிலை அளவு நறுக்கிக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டுவது வழக்கம். தளவாயின் மனைவிக்காக இடுப்பைச் சிறிதாக்கும் வேலை, அரண்மனைத் தையற்காரி அஞ்சுகத்திடம் வந்திருந்தது.

தையல் பிரிந்தது. வெயில் காணாத உள்மடிப்பு மாதுளை முத்தாய்ச் சிவந்திருந்தது. இடுப்பில் மூன்று வரிசைப் பழந்துளைகள்: விட்டு, மேலும் விட்டு, மறுபடி பிடித்த தடம்!

"என்ன அஞ்சுகம், ஊசி உறங்குகிறதோ?" காவலர் இருவர் பின்தொடர உள்ளே வந்தார் தளவாய்.

"இல்லை பிரபு, சாட்சி சொல்கிறது. அரசி கருவுற்றிருந்தார். தாங்களே பாருங்கள்."

துளைகளை உற்று நோக்கியவர் முகம் ஒருகணம் வெளிறியது. பிறகு கடகடவென்று நகைத்தார்.

"கெட்டிக்காரிதான்! கருவுற்றாள் என்றே வைத்துக்கொள். மாவிலைப் பட்டு எங்கே? உன் காதலனைக் கேட்டேன், திருதிருவென்று விழித்தான். காவலர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்! அதைக் கொண்டுவருபவர் காலடியில் இந்த வாளையே வைக்கிறேன். குலதெய்வத்தின் மீது ஆணை!"

அஞ்சுகம் பதறியபடி மடிப்பைத் திருப்பினாள். கோடியில் மாவிலை வடிவில் ஓர் ஓட்டை. அதன் விளிம்பில் சரிகை மயிற்கண் ஒன்று பாதியாய் நின்றது.

மறுபாதியை அவள் அறிவாள்! ஊசி எடுக்கும்போதெல்லாம் விரல் படுமே, அவளுடைய ஊசிப்பையின் உள்துணி! "உயிரே போனாலும் இதை இழக்காதே" என்று சொல்லிக் கண்மூடினாளே, வளர்த்தவள்...

தொலைவில் முரசின் முதல் அடி அதிர்ந்தது.

'கடம்பன் தந்தது' என்று ஒரு சொல் சொன்னால் அவன் அரசன். ஆனால் அவன் சொன்னது பொய், அவளிடம்கூட!

ஊசிப்பையைக் கிழித்து, உள்துணியை ஓட்டையில் பொருத்தினாள். மயிற்கண் முழுதாய் விழித்தது. காவலர்களின் வேல்கள் தாழ்ந்தன. தளவாயின் கை வாளுறையிலேயே உறைந்தது.

"அரசிக்குப் பிறந்தது மகனல்ல, தளவாயாரே," என்றாள் அஞ்சுகவல்லி, கலங்கிய கண்களைத் துடைக்காமலே. "முரசை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பொய்யனை நான் விசாரிக்க வேண்டும்."