கறுப்பு ராணி போன வழி

பின்னேரம் நாலு மணிக்கு மானிப்பாய் மண்டபத்தில் கறுப்பு ராணியைக் காணவில்லை.

பழைய தேசியச் சதுரங்கப் போட்டிக்காரர் ஒன்றுகூடிய நாள் அது. எண்பதுகளில் நடந்த ஒரு இறுதி ஆட்டத்தை, அன்று ஆடிய அதே மரக்காய்களால் அடுக்கி வைத்திருந்தார்கள். கறுப்பில் ஆடிய கனகரத்தினம் தோல்வியை ஒப்புக்கொண்டு எழும்பிய நிலை. வென்றவர் பொன்னம்பலம். அதன் பிறகு இருவரும் உயிர் நண்பர்கள்.

"நீதான் எடுத்தனி. என்னைப் பகிடி பண்ணத்தானே?" என்றார் கனகரத்தினம்.

பொன்னம்பலத்தின் முகம் சுருங்கியது. "அப்ப நான் வீட்டை போறன்."

ஓய்வுபெற்ற பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஜெயந்தினி கதவை மறித்தார். அவரும் அந்தப் போட்டிகளில் ஆடியவர்தான். இவ்வளவு கால நட்பு ஒரு மரத்துண்டால் முறிவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

காய்களை அடுக்கியவன் அமைப்பாளர் றோகான்.

"ராணியை எங்கை வைச்சனீர்?"

"நட்ட நடுவிலை, மிஸ். பிறகு சோடா எடுக்கப் போனனான்."

"உள்ளுக்கை ஆர் வந்தது?"

"பொன்னம்பலம் ஐயா. பூச்சாடி வைக்க பாலேஸ்வரி அன்ரி."

பொன்னம்பலம் சுருக்கமாகச் சொன்னார். "எட்டிப் பார்த்தனான். எல்லாம் சரியாத்தான் இருந்தது."

பாலேஸ்வரி கனகரத்தினத்தின் மனைவி.

"அக்கா, நீங்கள் பலகையைப் பார்த்தனீங்களோ?"

"எனக்கு உந்த விளையாட்டு விளங்காது, தங்கச்சி. கறுப்பு ராணி ஓரத்திலை நிண்டது. அவ்வளவுதான் கண்டனான்."

ஜெயந்தினி பலகையைக் குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இது களவில்லை. ஓர வரிசையிலை இரண்டு வெள்ளைக் காலாள் நிக்குது, பாருங்கோ; அண்டைய ஆட்டத்திலை அங்கை ஒண்டுதான். காலாள் எதையாவது வெட்டினால்தான் பக்கம் மாறும். ஆரோ நடுவிலை நிண்ட ராணியை ஓரத்துக்குத் தள்ளி, காலாளாலை வெட்டிப் பார்த்திருக்கினம். ராணி ஓரத்திலை நிண்டதை, அதைத் தள்ளின ஆள் மட்டும்தான் கண்டிருக்கலாம். என்ன, அக்கா?"

பாலேஸ்வரி கைப்பையைத் திறந்து ராணியை எடுத்தார்.

"உவர் தோத்த கதையைக் கேட்டுக் கேட்டு ஃபோனிலை சதுரங்கம் ஒளிச்சுப் பழகினனான். போன கிழமை, ராணியைப் பலி குடுத்து வெல்லுற ஒரு வழி பிடிபட்டுது. சரிதானோ எண்டு வைச்சுப் பார்த்தன். காலடிச் சத்தம் கேக்க ராணியைப் பைக்குள்ளை போட்டிட்டன். பிறகு நீங்கள் சண்டை பிடிக்க, வாய் வரேல்லை."

அவர் கறுப்பு மந்திரியை மூலைக்கோட்டில் நகர்த்தினார். வெள்ளை அரசனுக்குப் போக இடமில்லை.

பொன்னம்பலம் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். "கனகு, நீ வெண்ட ஆட்டத்தையெல்லோ விட்டிட்டுப் போனனி," என்றார். கனகரத்தினம் அவர் தோளைப் பிடித்தார். "என்னை மன்னிச்சுக்கொள்ளடாப்பா." மண்டபமே சிரித்தது.

கனகரத்தினம் கதிரையை இழுத்து மனைவிக்கு எதிரே இருந்தார்.

"வாரும், ஒரு ஆட்டம் போடுவம்."

"போடுவம்," என்றார் பாலேஸ்வரி. "வெள்ளை எனக்கு."