பெரட்டில் கூப்பிடாத பெயர்

பசறையைத் தாண்டியதுமே வண்டிக்காரன் மஹ்ரூப் பேச்சை நிறுத்திவிட்டான். பதுளைக் கடைத்தெருவிலிருந்து வாய் ஓயாமல் வந்த மனிதன், மடுல்சீமை ஏற்றத்தில் பனி இறங்கத் தொடங்கியதும் மாட்டை அதட்டக்கூட வாயைத் திறக்கவில்லை. சப் இன்ஸ்பெக்டர் தர்மலிங்கத்துக்கு அது உடனே சந்தேகமாகப் பட்டது. அவருக்கு எதுதான் சந்தேகமாகப் படாது? பதுளையில் அப்பாவின் துணிக்கடையை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு இவர் போலீஸில் சேர்ந்ததே அந்தக் குணத்தால்தான் என்று வீட்டில் இன்னமும் கேலி பேசுவார்கள்.

"என்ன மஹ்ரூப், நாக்கைப் பசறையிலேயே விட்டுட்டு வந்துட்டியா?"

"இல்லைங்க ஐயா. நாம போற தோட்டத்துல சத்தம் போட்டா வேற யாரோ பதில் குடுக்குறாங்களாம். சந்தையில பேசிக்கிட்டாங்க."

தர்மலிங்கம் சிரித்தார். ஆனால் அவரும் அதற்கப்புறம் பேசவில்லை என்பதுதான் உண்மை.

நரிப்பாறைத் தோட்டத்தில் செத்துப்போனவன் பெயர் அழகர். பகலில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவன். திருவிழா வந்தால் மேடையேறி வித்தை காட்டுவான். பதுளைக்கு வந்த ஒரு வித்தைக்காரக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தானே பழகிக்கொண்ட வித்தைகள். உதடு அசையாமல் பேசுவதில் ஆள் மகா கெட்டிக்காரன். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில், "அழகரு" என்று பெரிய கங்காணி வீரமலை கூப்பிட்டால், "இருக்கேனுங்க" என்ற பதில் சில நாள் கூரை மேலிருந்து வரும், சில நாள் கங்காணியின் குடைக்குள்ளிருந்தே வரும். அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டுதான் பெண்கள் அன்றைய மலையை ஏறுவார்கள்.

மாரியம்மன் திருவிழா ராத்திரி, தேயிலைக் கொழுந்து ஸ்டோரில் மேடை போட்டார்கள். அழகர் ஒரு கந்தல் பொம்மைக்குத் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் மாட்டி, வீரமலையின் குரலிலேயே அதைப் பேசவைத்தான். தோட்டத்துத் துரை உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் அவன் மனைவி அங்கம்மா அவன் கைகளைக் கயிற்றால் கட்டி, தேயிலைப் பெட்டிக்குள் உட்காரவைத்து மூடினாள். திறந்தபோது பெட்டி காலி. பின்பலகை வழியாக நழுவி, ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியே அவன் வரவேண்டும். வரவில்லை. நாளைக் காலைப் பெரட்டில் வந்து குதிப்பான் என்று ஜனங்கள் கைதட்டிவிட்டு லயத்து வீடுகளுக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் மத்தியானம் ஸ்டோருக்குக் கீழே ஓடையில் பிணம் கிடந்தது. கழுத்தில் அங்கம்மா கட்டிய அதே கயிறு.

கயிறு அவளுடையது. பின்பலகை ரகசியமும் அவளுக்குத்தான் தெரியும். போதாக்குறைக்கு, புருஷன் பெயர் என்ன என்று வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு வாயே திறக்கவில்லை. குற்ற மனசு என்று முடிவுகட்டி அவர் அவளைச் சிறையில் அடைத்துவிட்டார். புருஷன் பெயரை எந்தப் பெண்தான் வாய்விட்டுச் சொல்வாள்? தர்மலிங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. பதுளைச் சிறையில் அவளைப் பார்த்தபோது அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"எனக்குத் தூக்குன்னா தூக்குங்க ஐயா. ஆனா அந்த மனுசனக் கொன்னது நான்னு ஊரு பேசக்கூடாது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் மலையேறி வந்தார். வழக்கு இப்படியே போனால் அவள் கழுத்துக்குக் கயிறு நிச்சயம்.

தோட்டத்தில் வீரமலை கங்காணியே கூடவந்து எல்லாம் காட்டினார். கறுப்புக் கோட்டு, வெள்ளித் தடி, கையில் குடை. தேநீர் வரவழைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல பயங்க. அன்னைக்கிக் காலையில பெரட்டுல பேரு கூப்பிட்டேன், பதிலு இல்ல. அப்பவே எனக்கு மனசு கெடந்து அடிச்சிக்கிச்சு."

தர்மலிங்கம் எல்லோரையும் போல அவரையும் சந்தேகப்பட்டார். ஆனால் பிடிப்பதற்கு ஒரு நுனியும் கிடைக்கவில்லை. துரைக்கோ அலுத்துவிட்டது. காலையில் வண்டி கட்டிவிடலாமே என்று நாசூக்காகச் சொல்லிவிட்டார்.

விடியலில் ஆட்களை எழுப்பும் தப்பு மேளம் கேட்டது. தர்மலிங்கம் கம்பளிக் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு பெரட்டுக் களத்தின் ஓரமாகப் போய் நின்றார். பனியில் முகங்கள் தெரியவில்லை. ஈரக் கம்பளியின் வாடையும் வெற்றிலை வாடையும் மட்டும் வந்தன. வீரமலைக்கு எழுத்து வாசனை கிடையாது. பெயர்களெல்லாம் மனப்பாடம். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, ஒரு பெயர் அடுத்த பெயரைத் தானே இழுத்துக்கொண்டு வரும்.

"பாக்கியலெட்சுமி."

"இருக்கேங்க."

"சடையன்."

"இருக்கேங்க."

"அழகரு."

வாய் தவறித்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"இருக்கேனுங்க."

யாரோ ஒரு பெண் கூடையைக் கீழே போட்டாள்.

தர்மலிங்கம் வரிசையைப் பார்த்தார். எந்த உதடும் அசையவில்லை. எவனோ அந்த வித்தையைப் பழகிக்கொண்டு விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு கங்காணியைப் பார்த்தார்.

வீரமலையின் வாய் இறுக மூடியிருந்தது.

தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

பக்கத்தில் நின்ற பாக்கியலெட்சுமி முக்காட்டுக்குள் முணுமுணுத்தாள்.

"பொதைச்ச ஆளை இன்னைக்கிக் கூப்பிடுறாரு. கூப்பிட வேண்டிய அன்னைக்கிக் கூப்பிடலியே."

"என்னைக்கி?" தர்மலிங்கம் அவள் பக்கம் குனிந்தார்.

"வித்தை காட்டுன மறுநா காலையிலங்க. இன்னைக்கி எங்கேருந்து சத்தம் குடுக்கப்போறானோன்னு நாங்கெல்லாம் சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னோம். இவரு சடையனுக்கு அப்பறம் நேரா அடுத்த பேருக்குத் தாண்டிட்டாரு. கோவமாக்கும்னு நெனச்சோம்."

பக்கத்திலிருந்தவர்களும் ஆமாங்க என்று தலையசைத்தார்கள்.

தர்மலிங்கம் மனசுக்குள் கணக்குப் போட்டார். பிணம் கிடைத்தது மத்தியானம். காலையில் தோட்டம் முழுக்க அழகர் உயிரோடு எங்கோ ஒளிந்திருக்கிறான் என்றுதான் நம்பியது. அவன் செத்தது தெரிந்த ஒருவன்தான் அந்தப் பெயரை விட்டிருக்க முடியும்.

நேரே போய் எதிரில் நின்றார்.

"கங்காணியாரே, அன்னைக்கிக் கூப்பிட்டேன்னு சொன்னீங்க. கூப்பிடலைன்னு இத்தனை பேரு சொல்றாங்க. சரி, இப்ப என் முன்னால ஒரு தடவை கூப்பிடுங்க."

வீரமலை வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை.

"இருக்கேனுங்க" என்றது அந்த வாய்.

குடை நழுவி விழுந்தது. அந்தப் பெரிய மனுஷர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டிக்குப் பின்னால் வழி இருப்பது ஒத்திகையின்போதே தெரியும் என்றார். கட்டிய கையோடு வெளியே ஊர்ந்துவந்தவனை அந்தக் கயிற்றாலேயே முடித்ததாகச் சொன்னார்.

"என் கொரலு அந்தக் கந்தப் பொம்ம வாயிலேருந்து வந்திச்சுங்க. தொரையே சிரிச்சாரு. மறுநா எனக்கு எவன் பயப்படுவான்?"

"அப்புறம் ஏன் பேரை விட்டீங்க?"

"பதிலு குடுத்துருவானோன்னு பயந்தேங்க."

பதுளைக்கு இறங்கும்போது வண்டியில் கைவிலங்கோடு உட்கார்ந்திருந்த வீரமலை, நமுனுகுல மலை பனிக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"அவன் இப்ப என் தொண்டையில குடியிருக்கான். என்னையத் தூக்குல போட்டுட்டா எங்க போவான்னு நெனைக்கிறீங்க?"

"உளறாதீங்க" என்றார் தர்மலிங்கம். மஹ்ரூப் மாட்டை விரட்டினான்.

அங்கம்மா விடுதலையானாள். சிறை வாசலில் தர்மலிங்கத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். போகிற போக்கில் அவர் ஒன்று கேட்டுவைத்தார். அந்தக் குரல் வித்தையை அழகர் யாருக்காவது சொல்லிக்கொடுத்தானா?

"எனக்கே சொல்லித் தரலீங்க. கேட்டா சிரிக்கும். நீ ஒரு தடவ என் பேரச் சொல்லிக் கூப்பிடு, அப்பறம் சொல்லித் தாரேங்கும்." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "கூப்பிட்டிருக்கலாம்."

கண்டியில் வீரமலையின் தூக்கு முடிந்ததாகத் தந்தி வந்தது. சாட்சிப் பொருளாக ஸ்டேஷனில் கிடந்த தேயிலைப் பெட்டியை அங்கம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும். கான்ஸ்டபிளை அனுப்பியிருக்கலாம். தர்மலிங்கம் தானே ராத்திரியோடு வண்டி ஏறினார். அவள் நிம்மதியாக இருப்பதை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று இருந்தது. தந்தி வந்ததிலிருந்து தொண்டையில் ஒரு கரகரப்பு. மலைக்குளிர் என்று நினைத்துக் கொத்தமல்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

போய்ச் சேர்ந்தபோது பெரட்டு நடந்துகொண்டிருந்தது. அதே பனி. கொஸ்லந்தையிலிருந்து வந்த புதுக் கங்காணி, பழைய கதை ஒன்றும் அறியாதவர், நிறுத்தி நிதானமாகக் கூப்பிட்டார்.

"அங்கம்மா."

"இருக்கேங்க."

அந்தக் குரலைக் கேட்டதும் தர்மலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்தது. தன்னால் பிழைத்த உயிர்.

புதுக் கங்காணி அடுத்த பெயருக்கு மூச்சு இழுத்தார்.

"இருக்கேனுங்க."

அவர் திடுக்கிட்டார். "யாரது? நான் இன்னும் பேரே சொல்லலையே?"

வரிசை முழுக்கத் திரும்பியது.

எல்லோரும் தர்மலிங்கத்தைப் பார்த்தார்கள்.

அவர் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. கையால் உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடிக்குள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

அங்கம்மா வரிசையை விட்டு வந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. மிக அருகில் வந்து, அவர் கண்களைப் பார்க்காமல் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்மா" என்று சொல்ல நினைத்தார். அவர் குரல் வரவில்லை.

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவன் உயிரோடு இருந்தவரை ஒருநாளும் சொல்லாத பெயரை மெல்லச் சொன்னாள்.

"அழகரு..."

தர்மலிங்கத்தின் தொண்டைக்குள் யாரோ சந்தோஷமாகச் சிரித்தார்கள்.