பல் போன லேத்

காலை ஏழரை மணி. ஷட்டரைத் தூக்கிய லேத்காரர் இரண்டடி உள்ளே வைத்து அப்படியே நின்றுவிட்டார். இரும்பைக் கடையும் மெஷின் இருந்தது. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கும் இருந்தது. சக்கின் மூன்று பற்களை மட்டும் காணவில்லை. பொக்கை வாயைத் திறந்துகொண்டு நின்றது லேத்.

பதினோரு மணிக்கு, லேத்தை விலைபேசிய வியாபாரி லாரியோடு வருகிறார். அவர் தரும் பணத்தை மாலைக்குள் ஆஸ்பத்திரியில் கட்டினால்தான் நாளைக்கு மனைவிக்குப் புற்றுநோய் ஊசி. பல் இல்லாத லேத் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

எட்டரைக்கு ஸ்டேஷனிலிருந்து ஏட்டம்மா வந்தார். அவரும் ஏதோ ஒரு இரும்புப் பட்டறையில் சம்மட்டி அடித்தவரின் மகள்தான். முதலில் பூட்டைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"பூட்டுச் சாவி எங்க இருக்கும்?"

"வீட்டுல, ஆணியில. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கந்தான் வீடு. நான், என் பொஞ்சாதி, மச்சான். மூணு பேருதான்."

"மச்சான் யாரு?"

"நான்தாங்க." மனைவியின் தம்பி முன்னால் வந்தான். அங்கேயே வேலை, அங்கேயே சாப்பாடு. "மெஷினை வித்தா என் பொழப்பு போச்சு. அதனால நான்தான் எடுத்தேன்னு எழுதிக்குங்க. மாமா காலையிலேர்ந்து கண்ணாலயே அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்காரு."

"வாயை மூடுறா," என்றார் லேத்காரர்.

"நேத்து கடைசியா மெஷினை ஓட்டினது யாரு?"

"சாயங்காலம் வியாபாரி ஓட்டிப் பார்த்தாரு. நான் டீ வாங்கப் போனேன். வந்து அப்படியே பூட்டிட்டேன், பல்லு இருந்துதான்னு கவனிக்கலை. விலையைக் குறைக்க அந்தாளு எதுவும் செய்வாரு."

"வித்தே ஆகணுமா?"

லேத்காரர் கையைத் துடைத்தார். கையில் அழுக்கு எதுவும் இல்லை. "நகை முதல் ரெண்டு ஊசிக்கு. வண்டி ஸ்கேனுக்கு. இன்ஷூரன்ஸ்ல தொகை தீர்ந்துபோச்சுன்னுட்டாங்க. ஊசி மட்டும்னா தேவலைங்க. போக வர வாடகை, அங்க தங்க ரூம், நான் கூட இருக்கிற நாளெல்லாம் இங்க ஷட்டர் இறங்கிக் கிடக்கு. அவ படுத்தா மெஷினும் படுத்துக்குது. வித்துட்டு வெளியூர்க் கம்பெனிக்குப் போறேன். மாசத்துக்கு ஒருதடவை வருவேன்."

ஏட்டம்மா சக்கின் முன் குனிந்தார். பல் ஓடும் காடியில் கிரீஸ். கிரீஸில் ஒட்டிக்கொண்டு ஒரு நீலக் கம்பளி இழை. நகத்தால் எடுத்தார். பல்லைத் திருகிக் கழற்றும் சக் சாவி சுவர்க் கொக்கியில் தொங்கியது.

"இன்னிக்கு இதை யாராச்சும் தொட்டீங்களா?"

"இல்லீங்க."

"கையுறை போட்டு வேலை செய்வீங்களா?"

மச்சான் சிரித்துவிட்டான். "லேத்துலயா? சுத்துற சக்கு நூலைப் பிடிச்சா கையையும் சேர்த்து இழுத்துக்கும். முழுக்கைச் சட்டை போட்டு வந்தாலே மாமா வெரட்டுவாரு."

வீட்டுக்குள் மனைவி கட்டிலில், சுவரை ஒட்டிச் சாய்ந்திருந்தார். தலைமாட்டில் ஆஸ்பத்திரிப் பை. ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் பழைய துண்டு ஒன்று சுற்றிக் கட்டியிருந்தது. ஏட்டம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டதும் ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றித் தந்தார்.

"சூடா இருக்கும், பார்த்து. பச்சைத் தண்ணி எனக்கு ஆகாது."

"ராத்திரி பட்டறையில சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"கேட்டிருந்தா நல்லாத் தூங்கியிருப்பேனே!" அந்த முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்து போனது. "அந்தப் பக்கம் மெஷின் ஓடினாத்தான் எனக்குத் தூக்கமே. ராத்திரியில ஓடி எவ்வளவு நாளாச்சு. நானும் ஓட்டுவேன், தெரியுமா? இவருக்கு மரை போடச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

"புளுகாதே," என்றார் லேத்காரர். குரலில் கோபம் இல்லை.

பத்தரை மணி. ஏட்டம்மா மூன்று பேரையும் அந்தக் கட்டிலைச் சுற்றியே வைத்துக்கொண்டார்.

"வியாபாரி எடுக்கலை. திருட வந்தவன் சக் சாவியைப் போட்ட இடத்துல போட்டுட்டுப் போவான். எடுத்த கொக்கியிலயே மாட்ட மாட்டான். சக்குல சாவியை விடக்கூடாதுன்னு கைக்கே பழகியிருக்கணும். அது லேத் ஓட்டின கை."

மச்சான் நெளிந்தான்.

"நீ இல்லப்பா. லேத் ஓட்டுற கை கம்பளியோட சக்குகிட்ட போகாது. அதனால, வேலையும் தெரிஞ்சிருக்கணும், வெறுங்கையால இரும்பைத் தொடவும் முடியக்கூடாது. அந்த ஃப்ரிட்ஜுக்கு ஏன் துணி சுத்தியிருக்கு?"

"ஊசி போட்டதுலேர்ந்து ஜில்லுன்னு எது பட்டாலும் அக்காவுக்கு விரல்ல கரண்டு அடிக்கும்…" சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான்.

மனைவி பையைத் திறந்தார். நீலக் கம்பளிக் கையுறை. அடியில் வெந்நீர்ப் பையோடு சேர்த்துச் சுற்றிய மூன்று பற்கள். லேத்காரர் வாங்கினார். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

"உன் உசிருக்குத்தானே விக்கிறேன்? பைத்தியமா உனக்கு?"

"பொழைச்சு வந்தப்புறமும் மாத்திரை, ஸ்கேனுன்னு இருக்கே. எல்லாத்துக்கும் நீங்க வெளியூர்லயே கிடக்கணும். மாசத்துக்கு ஒரு நாள் புருஷன். மீதி நாளெல்லாம் எனக்கு இந்தச் சுவருதான்."

வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

"புகார் எழுதணுமா?" என்றார் ஏட்டம்மா.

லேத்காரர் தலையசைத்து மறுத்தார். மனைவி கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "குடுத்துடுங்க. நாளைக்கு ஊசி போட்டுக்கிறேன். ஏத்தறதுக்கு முன்னாடி ஒருதடவை ஓட்டுங்க."

லேத்காரர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் பார்த்துப் பற்களைப் பூட்டினார். ஒரு கம்பியைக் கவ்வக் கொடுத்து மெஷினைப் போட்டார். பட்டறை பழையபடி உறுமியது. சுருள் சுருளாக இரும்பு உரிந்து விழுந்தது.

"நல்லாத்தான் ஓடுது. நிறுத்துங்க, நேரமாகுது," என்றார் வியாபாரி.

லேத்காரர் காதில் வாங்கவில்லை.

ஏட்டம்மா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். நீலக் கையுறை போட்ட உள்ளங்கை, அதிர்கிற சுவரில் பதிந்திருந்தது. கண் மூடியிருந்தது. மூச்சு சீராக வந்தது.

திரும்பி வந்து வியாபாரிக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்றார்.

"போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அந்தம்மா இப்பத்தான் கண் அசந்திருக்காங்க."