செய்தி போய்ச் சேர்ந்தது

மீன் குளிர்கிடங்குக்குள் அவன் நுழைந்தபோது வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. உள்ளே அமோனியாவும் செவுள் நாற்றமும். தொழிலாளர்களுக்கான அவசர உதவி ஆப்பை எழுதியவன் அவன். திருத்திய ஆப்பைச் சோதித்துப் பார்க்க வந்திருந்தான்.

தரை கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஸ்வெட்டர் இல்லாமலா வந்தீங்க தம்பி? உள்ள போனா உங்களையும் பெட்டியில அடுக்கிடுவாங்க."

சிரித்தான்.

"என் வீட்டுக்காரர் இங்க சுமை தூக்குனவரு. மூணாம் ரூம்லதான் செத்துப்போனார். கதவு சிக்கிக்கிச்சு. போன் கையிலயே இருந்துச்சு. உதவி பட்டனை அழுத்தவே இல்ல, குடிச்சிருப்பாருன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. சாராயத்தைத் தொட்டுக்கூடப் பாக்காத மனுஷன். இந்தப் பேச்சால எம்பொண்ணு பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது. ஆப் செஞ்சவர் நீங்கதானாமே, அழுத்துனாரா இல்லையான்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"பாத்துட்டுச் சொல்றேன்க்கா."

பார்க்க ஒன்றுமில்லை. போன் வைஃபையோடு இணைந்திருக்கிறதா என்று மட்டுமே பழைய ஆப் பார்த்தது. அதற்கு அப்பால் இணையம் ஓடுகிறதா என்று பார்க்கவில்லை. அன்று வெளியே கேபிள் அறுந்து கிடந்தது. ரூட்டர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. அழுத்தியவருக்குப் பச்சை டிக் காட்டியிருக்கும்: 'செய்தி போய்ச் சேர்ந்தது. ஆள் வருகிறார்கள்.'

அதை நம்பி, கதவைத் தட்டுவதைக்கூட நிறுத்தியிருப்பார்.



மூன்றாம் அறைக் கதவை அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ரூட்டரை எரியவிட்டு, அதற்கு வரும் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு உள்ளே போனான். உதவிச் செய்திகள் வந்து சேரும் போனில் சிம்மைக் கழற்றி, புதிய ஆப்பைத் திறந்தான். சிவப்பு. 'இணையம் இல்லை. கதவைத் தட்டுங்கள்.'

சரியாகத்தான் வேலை செய்தது.

பனி படிந்த பெட்டிகளுக்குப் பின்னால் தட்டும் ஓசை கேட்டது.

மெதுவாக. உறைந்த விரல் மூட்டால் தட்டுவதுபோல்.

சிவப்பு பச்சையானது.

சிம்மும் இணையமும் இல்லாத போனில் செய்தி வந்து விழுந்தது. அனுப்பியவர்: சுமைக்காரர், மூன்றாம் அறை. 'கதவு தொறக்கல. வாங்க.'

"போன்ல ஏதோ சத்தம் கேட்டுச்சே. என்ன தம்பி வந்துச்சு?" கதவருகிலிருந்து அவள் தணிந்த குரலில் கேட்டாள்.

வாய் திறந்தான். வேலை போய்விடும் என்ற நினைப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"ஒண்ணுமில்லக்கா. அவரு... அழுத்தல."

அவள் தலையாட்டினாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள்.

தலை குனிந்தபடி வெளியே வந்தான். கையில் போன் அதிர்ந்தது. அதே ஆளிடமிருந்து ஒரு சொல்.

'கேட்டுச்சு.'

போனை அணைத்தான். திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் பச்சை டிக் மட்டும் அணையவில்லை.