ஒன்பதாம் தாள்

"என் தங்கச்சி இங்கிலாந்துல எந்த ஊர்ல இருக்கான்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க. மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றான் மாயவன்.

காரிமங்கலத்திலிருந்து தாய் தீர்த்தம்மாளையும் அழைத்து வந்திருந்தான். எதிரே, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற தர்மன். தாள்களை வைத்தே சிக்கல்களை அவிழ்ப்பவர். உதவியாளர் பிரியதர்ஷினி குறிப்பேட்டைத் திறந்தாள்.

முதியோர் இல்ல வேலைக்காகப் போன கலைமதி, அங்கேயே வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு ஊர் மாறிவிட்டாள். அங்கே அவள் முன்பு இருந்த ஊரின் பெண் எம்.பி.க்கு, தங்கையைக் காணோம் என்று ஆள் வைத்து எழுதினான் மாயவன். அவர் நாடாளுமன்றத்தில் அதைப் பற்றிப் பேசினார் என்று தெரிந்ததும், அந்த ஓராண்டு விவாதங்களில் அவர் பேசியது முழுவதையும் கணினிக் கடையில் அச்செடுக்கச் சொன்னான்.

பேருந்து, ஆற்று வெள்ளம், பல் மருத்துவர் பற்றாக்குறை. தர்மன் கடைசிவரை படித்தார்; கலைமதி பற்றி எங்கும் இல்லை.

"சார், ஒன்பதாம் தாள் இல்ல" என்றாள் பிரியதர்ஷினி.

"கடைக்காரன் உட்டுட்டானுங்க. போன்ல அனுப்பச் சொல்லியிருக்கேன். அம்மாதான் வாங்கிட்டு வந்து, ஒவ்வொரு தாளுக்கும் மஞ்சள் பொட்டு வெச்சு, அடுக்கி சாமி படத்துகிட்ட வெச்சாங்க. காயிதம் எது வந்தாலும் அப்படித்தான். இங்கிலீசு எங்க ரெண்டு பேருக்கும் வராதுங்க."

தர்மன் அவனை டீ வாங்கிவர அனுப்பினார்.

"ஈர மஞ்சள், மேலே இருக்கிற தாளோட முதுகுல ஒட்டும். எட்டாம் தாளோட முதுகுல கறை ஓரமா இருக்கு. பத்தாம் தாள்ல பொட்டு நடுவுல, அதனால அந்தக் கறை பத்தாவதோடது இல்ல. அப்ப மஞ்சள் வெக்கிறப்போ ஒன்பதாவது இருந்திருக்கு. கடை மேல தப்பில்ல. மாயவன் எடுத்திருந்தா மறுபடி கேட்டிருக்க மாட்டான்." தாயின் பக்கம் திரும்பினார். "நீங்கதானே எடுத்தீங்க?"

தீர்த்தம்மாள் இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்தாள்.

"கடைப் புள்ள படிச்சுச் சொல்லி, அந்தத் தாளு மூலைய மடிச்சுக் குடுத்துச்சுங்க. எம்மவ தேடாதீங்கன்னு சொல்லியிருக்கா. இவன் போனா அவளக் கொன்னுருவானுங்க."

தர்மன் வாசித்தார். கலைமதியைச் சந்தித்ததாகச் சொன்ன எம்.பி., அடைக்கலம் தந்த ஊருக்கு நன்றி சொல்லும் ஆசையில், ஊர்ப் பெயரையும் சொல்லிவிட்டிருந்தார்.

"இதக் கிழிச்சுட்டா போதுங்களா?"

"அங்க பேசினத யாரும் கிழிக்க முடியாதும்மா. உலகமே படிக்கும்."

"அந்த எம்.பி. அம்மாகிட்டயே சொல்லி அழிக்கச் சொல்லுங்க சாமி."

"அவராலயும் முடியாதும்மா" என்றாள் பிரியதர்ஷினி. தர்மன் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டீயோடு வந்த மாயவன் கைபேசியை நீட்டினான். "கடைக்காரன் அனுப்பிட்டானுங்க. படிச்சுச் சொல்லுங்க."

முப்பது வருடம் ஒரு சொல்லைக்கூட மாற்றாத தர்மன், திரையைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னார்: "பள்ளிக்கூடத்துக்குப் பேருந்து கேட்டுப் பேசியிருக்கார். உன் தங்கச்சி பேச்சே இல்ல."

தீர்த்தம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படிங்களா?" மாயவன் கைபேசியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான். "எதுக்கும் இருக்கட்டும்னு லண்டன்ல இருக்கற நம்ம பங்காளிப் பையனுக்கும் அனுப்பிட்டேனுங்க. அவன் படிச்சிருப்பான்."